உதிர்ந்த பூவும் பறித்த பூவும்: காட்டுமரப் பூக்களை மருந்துக்குச் சேகரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பிறந்தால் எங்கள் சிறுமலை அடிவாரத்தில் புரசு பூக்கும். அதன் பின்னாலேயே இலுப்பை, வேம்பு, கொன்றை என்று வைகாசி வரை ஓயாது. கூடவே கேள்விகளும் வந்துவிடும். நான் வைத்தியர் இல்லை. அப்பத்தாவோடு சின்ன வயதில் பூப் பொறுக்கப் போய்ப் பழகியவன், அவ்வளவுதான். மருந்தின் அளவு, பத்தியம் எல்லாம் சித்த மருத்துவரிடம் கேளுங்கள். மரத்திடம் எப்படி நடந்துகொள்வது என்பதை மட்டும் என்னிடம் கேட்கலாம்.

மரத்தில் இருக்கும் பூவைப் பறிக்கலாமா, உதிர்ந்ததை மட்டும்தான் எடுக்க வேண்டுமா?

உதிர்கிற பூ மருந்துக்கு ஆகும் என்றால் உதிர்ந்ததையே எடுங்கள். இது வெறும் கருணைப் பேச்சு இல்லை, இதில் கணக்கு இருக்கிறது.

இலுப்பையைப் பாருங்கள். விடியற்காலையில் மரத்தடியில் நின்றால் சொத்துச் சொத்தென்று விழும் சத்தம் கேட்கும். விழுவது முழுப் பூ இல்லை. சதைப்பற்றான, உள்ளே மகரந்தக் கேசரங்கள் ஒட்டிய, வெளிறிய மஞ்சள் உருண்டை அது. காயாகப் போகும் சூலகம் மேலே காம்பிலேயே தங்கிவிடும், அதன் நுனியில் மெல்லிய நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் கீழே கிடப்பதைக் கூடை கூடையாக அள்ளினாலும் இலுப்பைக்கொட்டை குறையாது. கொத்தோடு ஒடித்தால் பூவும் போச்சு, ஆனி ஆடியில் விழ வேண்டிய கொட்டையும் போச்சு, விளக்குக்கு எண்ணெயும் போச்சு. "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்பதைக் கிண்டலாகவே சொல்லிப் பழகிவிட்டோம். உலர்ந்த இலுப்பைப் பூவை ஒருமுறை மென்று பார்த்தால் அந்தப் பழமொழியில் இருப்பது கிண்டல் மட்டும் இல்லை என்று தெரியும். உலர்திராட்சையும் வெல்லமும் கலந்த மாதிரி இனிப்பு, அடியில் லேசான புளித்த வாடை.

மகிழமும் இதே ரகம். பூ விழும்போது நடுவில் துளையோடு விழும். அதனால்தான் ஊசி இல்லாமலேயே, ஒரு தென்னங்கீற்று நாரில் பிள்ளைகள் சரசரவென்று கோத்துவிடுகிறார்கள். துளைக்குள் இருந்த சூலகம் மரத்திலேயே நிற்கிறது.

அப்படியானால் விழுந்தது எல்லாம் நமக்குத்தானா?

இல்லை. இலுப்பைப் பூவுக்கு இரவிலேயே வௌவால் வந்துவிடும். மகரந்தச் சேர்க்கையில் பெரும்பங்கு அதனுடையது. விடிந்தால் அணில், மயில், ஆடு, எறும்பு என்று வரிசையாக வரும். கரடி உள்ள காட்டில் கரடியும் வரும். அங்கே இருட்டோடு போய் நிற்பது இயற்கை நேசம் ஆகாது, மடத்தனம். நான் மரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் பொறுக்குவேன். மறுபக்கம் போகமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மத்திய இந்தியக் காடுகளில் இலுப்பைப் பூ பெரிய வாழ்வாதாரம். பூ கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மரத்தடிச் சருகுக்குத் தீ வைக்கும் பழக்கம் அங்கே உண்டு. அது காட்டுத்தீயாகப் பரவுவதும் உண்டு. இப்போது சில இடங்களில் மரத்தடியில் வலை கட்டிப் பூவை ஏந்திக்கொள்கிறார்கள். நமக்கு ஒரு பழைய சேலை போதும். சருகைக் கூட்ட நினைத்தால் கையால் ஒதுக்குங்கள், தீப்பெட்டி பக்கமே போகாதீர்கள்.

வேப்பம்பூவை எப்படி எடுப்பது? எனக்குத் தூசிதான் கிடைக்கிறது.

எல்லாருக்கும் முதல்முறை தூசிதான் கிடைக்கும். பங்குனி கடைசியில் மரம் வெள்ளையாகப் பூத்து, சாயங்காலம் தெருவே தேன் வாடை அடிக்கும் நாளில் மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பூ விழத் தொடங்கி இரண்டு மூன்று நாள் கழித்து, ராத்திரி படுக்கப் போகும் முன் தரையைக் கூட்டி, பழைய பருத்திச் சேலையை விரித்து நாலு மூலையிலும் கல் வையுங்கள். பாலித்தீன் வேண்டாம், பனியில் நனைந்து பூ ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறும் முன் எடுத்துவிட வேண்டும். முறத்தில் போட்டுப் புடைத்தால் காம்பும் காய்ந்த இலையும் தனியாகப் போய்விடும். அப்புறமும் எறும்பு இருக்கும். முறத்தை நிழலில் அரைமணி நேரம் சும்மா வைத்தால் அதுவாகவே இறங்கிப் போகும்.

கிளையை உலுக்காதீர்கள். உலுக்கினால் பூவோடு மொட்டும் உதிரும். மொட்டு உதிர்ந்தால் பழம் குறையும், பழம் குறைந்தால் வேப்பங்கொட்டை குறையும். ஆடி மாதத்தில் மரம் மரமாகப் போய் வேப்பங்கொட்டை பொறுக்கிப் படிக்கணக்கில் விற்று மருந்து மாத்திரை வாங்கும் கிழவிகள் எங்கள் ஊரில் இன்றைக்கும் இருக்கிறார்கள். உலுக்கிற உலுக்கில் அவர்கள் காசும் உதிர்கிறது. "ஏண்டா, மரம் தானா குடுக்குறதை வாங்கத் தெரியாதா உனக்கு?" என்று அப்பத்தா என் முதுகில் போட்ட அடி இந்த விஷயத்துக்காகத்தான்.

நெடுஞ்சாலை ஓரம், பருத்தி வயல் ஓரம், மருந்தடிக்கும் மாந்தோப்பு ஓரம் உள்ள மரங்கள் வேண்டாம். புகையும் பூச்சிமருந்தும் பூவில் படியும், இவ்வளவு பொடிப்பூவைக் கழுவியெடுக்கவும் முடியாது. பூவில் இளம் ஊதா கலந்திருந்தால் அது வேம்பே இல்லை. மலைவேம்பு என்று ஊருக்கு ஊர் வேறு வேறு மரத்தைக் காட்டுவார்கள், அதில் ஊதாப் பூ பூக்கும் வகையின் பழம் விஷம். வேப்பம்பூ முழு வெள்ளை.

ஆவாரம்பூ மரம் இல்லையே, அதைப் பறிக்கத்தானே வேண்டும்?

ஆமாம், ஆவாரை குத்துச்செடி. பூ உதிர்ந்தால் வதங்கிக் கறுத்துவிடும், பறித்துத்தான் ஆக வேண்டும். பறிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். பெரிய கருவண்டு ஒன்று பூவைக் கட்டிப்பிடித்து உறுமும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அந்த உறுமலின் அதிர்வில்தான் மகரந்தம் கொட்டும். வண்டு வேலை செய்கிற செடியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு செடியில் ஒரு கைப்பிடிக்கு மேல் நான் எடுப்பதில்லை. விரிந்த பூவை மட்டும் கிள்ள வேண்டும், நுனிக்கொத்தை ஒடிக்கக் கூடாது.

கொங்குப் பக்கம் பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டுக்கு வேப்பிலை, சிறுபீளையோடு ஆவாரம்பூவும் வேண்டும். அன்றைக்குச் சந்தைக்கு வேரோடு பிடுங்கி வந்த கட்டுகளைப் பார்த்திருக்கிறேன். வேலியோரம் நாலு செடி நட்டுவிட்டால் கிள்ளியெடுத்துக் காப்புக்கட்டலாம், மானாவாரிச் செடி, தண்ணீர்கூடக் கேட்காது. பழைய காலத்தில் திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை வண்டி வண்டியாகப் போகும் என்று சொல்வார்கள். தோலைப் பதனிடும் துவர்ப்பு அந்தப் பட்டையில் அவ்வளவு. அப்படி வெட்டியும் மிஞ்சி நிற்கிற செடி இது.

மஞ்சளாகக் கொத்தாகப் பூத்தால் கொன்றைதானே?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். இல்லவே இல்லை.

சரக்கொன்றை: பூ கீழ்நோக்கிச் சரம் சரமாகத் தொங்கும். காய் உருட்டுத் தடி மாதிரி நீளமாக, முற்றினால் கறுப்பாக இருக்கும். ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். காயின் உள்சதை பேதி மருந்து, ஆகவே விளையாட்டாகச் சுவைக்காதீர்கள். ஆவாரை: ஆளுயரச் செடி, காய் தட்டையாகக் காகிதம் போல. இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் காது மடல் மாதிரி ஒரு சின்ன இலை இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வராது. தெருவோரம் நிழலுக்கு நட்ட இயல்வாகையும் மஞ்சள்தான், ஆனால் கொத்து மேல்நோக்கி நிற்கும், காய் செம்பு நிறத்தில் தட்டையாக இருக்கும்.

முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் காடே மஞ்சளாகத் தெரிந்தால் கொன்றை என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். பெரும்பாலும் அது சென்னா ஸ்பெக்டாபிலிஸ், அமெரிக்காவிலிருந்து வந்த அயல் மரம். அதன் அடியில் புல் முளைக்காது, மானுக்கும் யானைக்கும் தீனி இல்லை. வனத்துறை அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, அதுதான் தொல்லை.

எங்கள் தெருவில் அசோக மரம் இருக்கிறது. பூவை எடுத்துக் கஷாயம் போடலாமா?

நெடுநெடுவென்று ஊசி மாதிரி, இலை ஓரம் அலையலையாக நிற்கும் மரம்தானே? அது நெட்டிலிங்கம். அசோகம் வேறு. அசோகத்தின் பூ ஆரஞ்சாக மலர்ந்து சிவப்பாக மாறும், கிளை நுனியில் அல்லாமல் முதிர்ந்த கிளையிலேயே கொத்தாக ஒட்டிக்கொண்டு பூக்கும். பூவிதழ் என்று நாம் நினைப்பது உண்மையில் புல்லிவட்டம், அதற்கு அல்லிவட்டமே கிடையாது.

பெண்களின் உதிரப்போக்குக்கு அசோகப்பட்டை பெயர்போன மருந்து. அந்தப் பெயரே மரத்துக்கு எமன் ஆனது. பட்டைக்காக உரித்து உரித்து, இன்றைக்கு அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. கடைச் சரக்கில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்பதும் நடக்கிறது. ஒருமுறை நானே ஒரு நாட்டு மருந்துக் கடையில் அசோகப்பட்டை என்று வாங்கி வந்து, தெரிந்த சித்த மருத்துவ அக்காவிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு உங்க தெரு மரத்தையே சுரண்டியிருக்கலாமே" என்றார். காட்டில் அசோகத்தைப் பார்த்தால் பார்த்துவிட்டு வாருங்கள். பூவைக்கூடத் தொட வேண்டாம்.

பட்டையும் வேரும் எடுக்கலாமா?

தெரியாதவர்கள் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. இலையில் தயாராகும் உணவு பட்டையின் உட்பக்கத்து வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் வளையமாக உரித்துவிட்டால் மேலே பச்சையாக இருக்கும்போதே வேர் பட்டினி கிடக்கும், நாளடைவில் மரம் நின்றபடியே சாகும். நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் இருதயத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டு நீர்மருதின் பட்டையைச் சாவியால் சுரண்டுவதைப் பார்க்கிறேன். ஆளுக்கு ஒரு விரற்கடைதான், ஆனால் ஆள் நூறு பேர், மரம் ஒன்று. கைக்கு எட்டும் உயரம் முழுக்க மொட்டையாகிவிடுகிறது. மருதம்பட்டை கடையில் கிடைக்கிறது, நல்ல சரக்கா என்று மருத்துவரிடம் காட்டி வாங்குங்கள்.

எந்த மரத்தைத் தொடவே கூடாது?

அரளி எந்த நிறமானாலும் தொடாதீர்கள். மஞ்சள் அரளியின் பூ அழகான மணி மாதிரி இருக்கும், பிள்ளைகள் ஆசைப்படும். பூ, இலை, பட்டை, விதை எல்லாமே இருதயத் துடிப்பைக் குலைக்கும் விஷம். எட்டி மரமும் அப்படித்தான். "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை. சித்த மருத்துவத்தில் எட்டிக்கொட்டையைச் சுத்தி செய்து மருந்தாக்குவார்கள், அது அவர்கள் வேலை. வேடிக்கை என்னவென்றால், கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையும் எட்டியின் நெருங்கிய சொந்தம்தான். ஒரே குடும்பத்தில் ஒருவர் ஊருக்கு உபகாரி, ஒருவர் கொலைகாரர். பிச்சாவரம் பக்கம் போனால் தில்லை மரத்தில் கிளை ஒடிக்காதீர்கள், பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், தின்ற செடியின் கிளையைப் பூ இலையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

சந்தேகம் இருந்தால் யாரிடம் கேட்பது?

கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது, உலர்தாவரத் தொகுப்போடு. அருகில் உள்ள கல்லூரியின் தாவரவியல் ஆசிரியரும் போதும். மருத்துவக் கேள்வி என்றால் அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவு, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம். செல்பேசிச் செயலி சொன்னதை மட்டும் நம்பி வாயில் வைக்காதீர்கள். என் செயலி ஒருமுறை பூவரசை ஊமத்தை என்றது.

காட்டுக்குள் போய் எடுப்பது சட்டப்படி சரியா?

காப்புக்காடு என்றால் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், பூவென்றாலும் அது வனப்பொருள்தான். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். மரபாகக் காட்டில் வாழ்பவர்களுக்குச் சிறு வனப்பொருள் மீது உரிமை கொடுப்பது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அந்த உரிமை அவர்களுடையது. வார இறுதியில் காரில் வந்து இறங்கும் உங்களுக்கும் எனக்கும் இல்லை.

புறம்போக்கு, கண்மாய்க்கரை மரங்களில் பலவற்றை ஏலம் விட்டிருப்பார்கள். எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பூவுக்கு யாரும் இல்லை என்று சொல்வதில்லை. கோயில்காட்டில் மட்டும் கேட்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். அங்கே சுள்ளிகூட வெளியே வராது என்பது ஊர்க்கட்டு.

மலைவாழ் மக்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாமா?

கேளுங்கள், ஆனால் கேட்டதற்கு விலை உண்டு என்று தெரிந்து கேளுங்கள். 1987-இல் அகத்தியமலைக்குப் போன ஆய்வாளர்கள் சோர்ந்துபோனபோது, வழிகாட்டிய காணிக்காரர்கள் மட்டும் ஒரு செடியின் காயைத் தின்றபடி தெம்பாக நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரம் தாவரவியல் பூங்கா ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்கே தருவதாக ஏற்பாடு. அதில் குறைகள் பேசப்பட்டாலும், அறிவுக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். நாமோ ஒரு டீ வாங்கிக் கொடுத்து, படம் எடுத்து, இடத்தின் பெயரோடு போட்டுவிடுகிறோம். அடுத்த மாதம் அந்த இடத்தில் செடி இருப்பதில்லை. அரிய மரம் இருக்கும் இடத்தைத் தயவுசெய்து பொதுவில் போடாதீர்கள்.

மூலிகை எடுக்கும் முன் காப்புக்கட்டி, சாபநிவர்த்தி சொல்வது மூடநம்பிக்கையா?

எனக்கு மந்திரம் தெரியாது. ஆனால் அப்பத்தா மஞ்சள் நூல் கட்டி, மரத்தை ஒருமுறை சுற்றி வருவார். சுற்றும்போது பாம்பு இருக்கிறதா, கூடு இருக்கிறதா, வேறு யாராவது ஏற்கெனவே கிளையை ஒடித்திருக்கிறார்களா என்று எல்லாம் கண்ணில் பட்டுவிடும். நூல் கட்டிய மரத்தை இன்னொருவர் தொடமாட்டார். நம்பினால் நூல் கட்டுங்கள், நம்பாவிட்டாலும் ஒரு சுற்று சுற்றுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆவாரம்பூத் தண்ணீர் குடிக்கலாமா?

மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கினால் மயக்கம் வரும். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழி மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் எந்தப் பூக் கஷாயத்தையும் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

விற்கலாமா?

வீட்டுக்கு எடுப்பது வேறு, வியாபாரம் வேறு. வணிகத்துக்கு எடுப்பதற்குப் பல்லுயிர்ச் சட்டத்தில் தனி விதிகள் உண்டு, மாநிலப் பல்லுயிர் வாரியத்தில் விசாரியுங்கள். என்னைக் கேட்டால், விற்க வேண்டுமானால் நட்டு விற்பதே சரி.

எப்படிக் காயவைத்துச் சேமிப்பது?

நிழலில், காற்றோட்டத்தில், துணிமேல் மெல்லிசாகப் பரப்பி. வேப்பம்பூவுக்குக் கடைசியில் ஒருநாள் வெயில் காட்டலாம். ஆவாரம்பூ வெயிலில் நிறம் வெளுத்துவிடும், நிழல்தான். கையில் நொறுக்கினால் பொடிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. ஒரு வருடம் அவசரப்பட்டு, பாதி காய்ந்த ஆவாரம்பூவைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். பத்து நாளில் திறந்தால் உள்ளே சாம்பல் பூஞ்சை, பழைய சாக்கு வாடை. ஏறக்குறைய முப்பது செடியின் பூ. குப்பைக்குழியில் கொட்டும்போது அந்தக் கருவண்டு ஞாபகம் வந்தது. பூஞ்சை பிடித்ததைத் தட்டிவிட்டுப் பயன்படுத்தலாமா என்று கேட்காதீர்கள், கூடாது.

மகிழம்பூவை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

மருந்துக்கு என்றால் அடுத்த பூ வரும்வரைதான், ஒரு வருடம். வாசத்துக்கு என்றால் கணக்கே இல்லை. பழுப்பேறிச் சுருங்கிய பிறகும் மணக்கிற பூ அது. அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் சேலை மடிப்புக்குள் கிடந்ததைப் போன பொங்கலுக்கு எடுத்தோம். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. நாரில் கோத்தபடியே இருந்தது, நார்தான் இற்றுப் போயிருந்தது.